காந்தப் புயலுக்கு யார் எச்சரிக்கை தருவது?

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் தில்லை நகர் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டிருந்த மாலையில் திருச்சியே அண்ணாந்து பார்த்தது. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் பயணத்தைத் தொடர முடியாமல், எரிபொருளைத் தீர்ப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நம் மாவட்டத்தையும் புதுக்கோட்டையையும் வட்டமடித்தது. உள்ளே 140 பேருக்கு மேல். இரவு எட்டேகால் வாக்கில் பத்திரமாக இறங்கியது. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூச்சு விட்டார்கள்.

அதே நாள் காலையில்தான் இந்தச் சூரியச் சுழற்சியின் மிகப் பெரிய காந்தப் புயல்களில் ஒன்று உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. முந்தைய இரவு லடாக்கில் ஹான்லே வானம் சிவந்தது. புவியின் காந்தப்புலம் எவ்வளவு குலைந்தது என்பதைச் சொல்லும் டி.எஸ்.டி. குறியீடு மைனஸ் 333 நானோடெஸ்லா வரை போனது. விமானக் கோளாறுக்கும் இந்தப் புயலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முடிச்சுப் போட்டு யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். ஆனால் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாலையில், அதே வானத்தின் மேல்தட்டு கலங்கிக் கிடந்தது என்ற செய்தி திருச்சியின் சர்வேயருக்கோ, ட்ரோன் ஓட்டுபவருக்கோ, கடலுக்குப் போன படகுக்காரருக்கோ போய்ச் சேரவில்லை. சேர்க்க வேண்டியது யார் பொறுப்பு என்பதற்கும் இன்றுவரை பதில் இல்லை.

இந்தப் பத்தியின் புகார் அதுதான். செயற்கைக்கோள் சிக்னலை நம்பித் தமிழ்நாடு தன் நிலத்தை அளக்கிறது, வயலுக்கு மருந்து தெளிக்கிறது, கடலில் வழி பார்க்கிறது, செல்போன் கோபுரங்களின் கடிகாரத்தை ஒத்துவைக்கிறது. அந்த சிக்னல் உலகத்திலேயே அதிகம் தடுமாறும் வானப்பட்டைகளில் ஒன்று நம் தலைக்கு மேல் இருக்கிறது. அந்தப் பட்டைக்கென்று, பொதுமக்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி, மாலைதோறும் எச்சரிக்கை சொல்ல ஓர் ஏற்பாடு இல்லை.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சிக்னலின் சக்தி சில பத்து வாட்தான். தரைக்கு வரும்போது பின்னணி இரைச்சலுக்கும் கீழே போய்விடுகிறது. ரிசீவர் அதைத் தேடிப் பிடித்து, எத்தனை நேரம் பயணம் செய்து வந்தது என்று கணக்கிட்டு, அந்த நேரத்தைத் தூரமாக்குகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் கிடைத்துவிடும். சிக்கல் வழியில் இருக்கிறது. தரைக்கு மேல் 80, 90 கிலோமீட்டரில் தொடங்கி ஆயிரம் கிலோமீட்டர் வரை அயனி மண்டலம். சூரியனின் புற ஊதாக் கதிர் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப்போட்டு வைத்திருக்கும் பகுதி அது. அங்கே எலக்ட்ரான்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றனவோ அவ்வளவு தாமதமாகச் சிக்னல் வந்து சேரும். தாமதம் தூரமாகக் கணக்கில் ஏறும்.

நம் பக்கத்து வானத்தில், சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளின் பகல்பொழுதில், நேர் மேலிருந்து வரும் சிக்னலுக்கே இந்தப் பிழை 15 மீட்டரைத் தாண்டலாம். அடிவானத்திலிருந்து சாய்ந்து வரும் சிக்னலுக்கு அதுபோல் இரண்டு மூன்று மடங்கு. செயற்கைக்கோளே ஒரு திருத்தக் கணக்கைச் சேர்த்து அனுப்புகிறது. ஆனால் அது பிழையில் ஏறக்குறைய பாதியைத்தான் துடைக்கும், அதுவும் வானம் வழக்கப்படி நடந்துகொள்ளும் நாட்களில். இரண்டு அலைவரிசைகளை ஒரே நேரத்தில் கேட்கும் ரிசீவர் இந்தத் தாமதத்தைத் தானே கண்டுபிடித்துக் கழித்துவிடும். விலை கூடிய கருவிகளின் பலம் அதில்தான் இருக்கிறது.

புயல் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் கலையும். சூரியனிலிருந்து பிய்ந்து வரும் பிளாஸ்மா மேகம் ஒரு நாளிலிருந்து மூன்று நான்கு நாளுக்குள் பூமியை வந்து இடிக்கிறது. அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கவசத்தின் கதவு திறந்துகொள்ளும். துருவப் பகுதியில் உருவாகும் மின்புலம் சில நிமிடங்களில் நிலநடுக்கோட்டு வானம் வரை ஊடுருவுகிறது. அயனி மண்டலம் மேலே தூக்கப்படும், அல்லது கீழே அழுத்தப்படும். ஒரே ஊரின் கிழக்கு மூலைக்கும் மேற்கு மூலைக்கும் மேலே எலக்ட்ரான் அளவு வேறாகிவிடும்.

இதில் தமிழ்நாட்டின் இடம் விசேஷமானது. பூமியின் காந்த நடுக்கோடு, வரைபடத்தில் நாம் பார்க்கும் பூமத்திய ரேகையைவிட இந்தியப் பகுதியில் வெகுவாக வடக்கே ஏறி, திருவனந்தபுரம், திருநெல்வேலிப் பக்கமாகக் கடக்கிறது. தும்பாவை ராக்கெட் ஏவும் இடமாகத் தேர்ந்ததற்குக் காரணமே இதுதான். திருச்சியிலிருந்து அந்தக் கோடு தெற்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான். கோட்டுக்கு மேலே பகலில் பிளாஸ்மா நீரூற்றைப் போல மேலெழும்பி, வடக்கிலும் தெற்கிலும் வழிந்து, நம் நாட்டில் அகமதாபாத், போபால், கொல்கத்தா வரிசையில் போய்க் குவிகிறது.

பொழுது சாய்ந்ததும் வேறொரு நாடகம் தொடங்குகிறது. சூரிய ஒளி நின்றவுடன் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி வேகமாகக் கரைந்துபோகும். மேற்பகுதியோ அந்திநேர மின்புலத்தால் இன்னும் மேலே தூக்கப்படும். கனமானது மேலே, லேசானது கீழே என்று ஆகும்போது எதுவும் நிலைத்து நிற்காது. அடியிலிருந்து எலக்ட்ரான் வற்றிய வெற்றிடங்கள் குமிழி குமிழியாகக் கிளம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கு எழுகின்றன. இவற்றை ஊடுருவி வரும் சிக்னல் சிதறி, நட்சத்திரம் மினுக்குவதுபோல் ஏறி இறங்கும். இறக்கம் ஆழமாகப் போனால் ரிசீவர் அந்தச் செயற்கைக்கோளைக் கைவிட்டுவிடும். ஒன்றைக் கைவிட்டால் பாதகமில்லை. ஒரே சமயத்தில் மூன்று நான்கு போனால் இடமே தெரியாது. நேரம், இரவு ஏழு, ஏழரையிலிருந்து நள்ளிரவு வரை. பருவம், மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர். இதற்குப் புயல்கூடத் தேவையில்லை. சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் சாதாரண நாளிலேயே நடக்கும். அடிக்கடி நடப்பது காந்த நடுக்கோட்டை ஒட்டி, அதாவது நம் வானத்தில். மிகக் கடுமையாக அடிப்பது பிளாஸ்மா குவியும் அகமதாபாத், கொல்கத்தாப் பக்கம்.

புயல் வந்து இதோடு சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பதிவு இருக்கிறது. 2015 மார்ச் 17 அன்று ஒரு பெரிய காந்தப் புயல். இந்திய மாலை நேரமும் புயலின் ஊடுருவும் மின்புலமும் ஒன்றாக விழுந்தன. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் நடத்தும் ஆய்வகத்தின் கருவி, அயனி மண்டலம் வழக்கத்தைவிட மிக உயரத்துக்குத் தூக்கப்பட்டதைப் பதிவுசெய்தது. அன்றிரவு இந்திய வானத்தில் பலத்த குமிழிகள். மறுநாள் அதே புயலின் பின்விளைவு நேர்மாறாக வேலை செய்தது: குமிழிகள் அடக்கப்பட்டன.

இந்த இடத்தில் வாசகர் சற்று நின்று யோசிக்க வேண்டும். புயல் நம்மைக் கெடுக்கவும் செய்யும், காப்பாற்றவும் செய்யும். எது என்பதைத் தீர்மானிப்பது அதன் பலம் மட்டுமல்ல. நம் கடிகாரத்தில் மணி எத்தனை என்பதும்தான். கொலராடோவில் இருக்கும் அமெரிக்க விண்வெளி வானிலை மையம் ஜி-1 முதல் ஜி-5 வரை எண் கொடுத்து அறிவிக்கிறது. அந்த எண் உலகம் முழுவதற்குமானது. நம் நள்ளிரவுக்குப் பின் வரும் ஜி-5 இங்கே லேசாகக் கடந்துபோகலாம். சரியாக மாலை ஆறரைக்கு வரும் ஜி-3 திருச்சி வானத்தைக் கொதிக்கும் உலையாக்கலாம். செல்போனில் அந்த அமெரிக்க எண்ணைப் பார்த்துவிட்டு, எச்சரிக்கை வந்துவிட்டது என்று நிம்மதி அடைபவர்களும், எண் சிறியதுதானே என்று அலட்சியம் காட்டுபவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். நமக்கு வேண்டியது நம் மாலைக்கான முன்னறிவிப்பு.

இனி, யாருக்கு எவ்வளவு பயம் தேவை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். தில்லை நகரில் உணவு டெலிவரி தம்பிகள் 'அண்ணே, லொக்கேஷன் தப்பாக் காட்டுது, எத்தனாவது கிராஸ்?' என்று போனில் கேட்பதற்குச் சூரியனைக் குற்றம் சொல்ல முடியாது. மருத்துவமனைகளும் மாடிக் கட்டடங்களும் நெருக்கியடிக்கும் தெருக்களில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் ஏற்படும் பிழை அது. பெரிய புயலிலும் சாதாரண செல்போன் பயனாளி கூடுதலாகச் சில மீட்டர், மோசமாகப் போனால் சில பத்து மீட்டர் தள்ளிப்போவார். சாஸ்திரி ரோட்டில் நிற்பவரை ஸ்ரீரங்கத்தில் காட்டாது. ஒரு பொழுது எரிச்சல், அவ்வளவுதான்.

நுட்பம் கூடக் கூடத்தான் அபாயமும் கூடுகிறது. சென்டிமீட்டர் துல்லியத்தில் நிலம் அளக்கும் ரோவரை எடுத்துக்கொள்வோம். தெரிந்த புள்ளியில் ஒரு நிலையம், வயலில் கையில் பிடித்த ரோவர். இரண்டுக்கும் மேலே அயனி மண்டலம் ஒரே மாதிரி இருக்கிறது என்ற நம்பிக்கையில், ஒன்றின் பிழையை மற்றதிலிருந்து கழித்துவிடுகிறார்கள். புயல் அந்த நம்பிக்கையைத்தான் உடைக்கிறது. இருபது, முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் வானம் வேறாக இருந்தால் கழித்தல் தப்பாகும். சர்வேயர்கள் 'ஃபிக்ஸ் வரலை, ஃப்ளோட்லயே நிக்குது' என்று சலித்துக்கொண்டு காத்திருப்பது நல்ல விளைவு. கருவி தன் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறது. கெட்ட விளைவு, திரையில் ஃபிக்ஸ் என்று காட்டிக்கொண்டே அரை மீட்டர் தள்ளிப் புள்ளி வைப்பது. காவிரிப் பாசன வயலில் வரப்பு அரை மீட்டர் தள்ளினால் என்ன நடக்கும் என்று லால்குடியிலோ முசிறியிலோ கேட்டுப் பாருங்கள். அண்ணன் தம்பி வழக்கு முன்சீஃப் கோர்ட்டில் தொடங்கி மதுரைக் கிளை வரை போகும். அளந்த அன்று வானம் எப்படி இருந்தது என்று எந்த வழக்கிலும் யாரும் கேட்கப்போவதில்லை.

2024 மே 10 அன்று ஜி-5 புயல் அடித்தபோது அமெரிக்க மத்திய மாநிலங்களில் விதைப்புக் காலம். தானாக ஓட்டும் டிராக்டர்கள் நேர்கோட்டில் போக மறுத்தன. டிராக்டர் விற்பவர்களே, இன்றைக்கு விதைக்காதீர்கள், வரிசைகள் கோணலாகிவிடும், பிறகு அந்த வரிசையில் கருவி மறுபடி ஓடாது என்று செய்தி அனுப்பினார்கள். பல பண்ணைகள் வேலையை நிறுத்தின. 2003-க்குப் பிறகு வந்த மிகக் கடுமையான புயல் அது. இந்தியாவில் பேச்சு முழுதும் ஹான்லேயில் தெரிந்த சிவப்பு ஒளியைப் பற்றியதாகவே இருந்தது. படங்கள் அழகாகத்தான் இருந்தன. நம் டெல்டாவிலும் இப்போது ட்ரோன்கள் மருந்து தெளிக்கின்றன; மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் மத்தியத் திட்டம் 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. குமிழிகள் இரவில்தான் வரும், தெளிப்பு காலையில் நடக்கும் என்பது இதுவரை நம்மைக் காத்துவருகிறது. அது தற்செயலான பாதுகாப்பு. பகலில் வரும் புயல் குமிழி இல்லாமலேயே கணக்கைக் கெடுக்கும் என்பதை அந்த அமெரிக்க விவசாயிகள் மே மாதப் பகலில் பார்த்துவிட்டார்கள்.

இரவில் வேலை செய்பவர்கள் கடலில் இருக்கிறார்கள். நாகப்பட்டினம், காரைக்கால், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளுக்கு ஜி.பி.எஸ். திரைதான் எல்லைக்கல். சில பத்து மீட்டர் பிழையால் யாரும் சர்வதேசக் கடல் எல்லையைத் தாண்டிவிடப் போவதில்லை. அப்படி எழுதினால் அது மிகை. ஆனால் இரவு எட்டு மணிக்குத் திரை ஒரு மணி நேரம் வெறுமையானால், நீரோட்டம் இழுக்கும் திசையில் படகு எங்கே போய் நிற்கும்? மறுபக்கம் காத்திருக்கும் கடற்படைக்கு, வானத்தில் குமிழி இருந்தது என்று சொன்னால் கேட்குமா? பாக் நீரிணையில் கைதுகளுக்குக் காரணம் வேறு, அரசியல் வேறு என்பது தெரியும். அதில் இன்னொரு சந்தேகத்தையும் சேர்க்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

விசித்திரம் என்னவென்றால், மிகவும் ஆபத்தான இடத்தில் இருப்பதாக நாம் நினைக்கும் விமானிதான் இதில் அதிகம் பாதுகாக்கப்பட்டவர். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2019 நவம்பரிலிருந்து விண்வெளி வானிலை அறிவிப்புகளை வெளியிடச் செய்கிறது. செயற்கைக்கோள் வழிகாட்டல் பாதிக்கப்படுமா என்பது அதில் ஒரு தனித் தலைப்பு. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கட்டிய ககன் அமைப்பு, நம் நாட்டு அயனி மண்டலத்துக்கென்றே தனிக் கணக்கு போட்டு, பிழையைத் திருத்துவதோடு, இப்போது என்னை நம்பாதே என்றும் விமானத்துக்குச் சொல்லும். 2015 ஏப்ரலில் செங்குத்து வழிகாட்டலுக்கான சான்று அதற்குக் கிடைத்தது. 2022 ஏப்ரல் இறுதியில் ராஜஸ்தானின் கிஷன்கட்டில் இண்டிகோ விமானம் ககனை நம்பி இறங்கியது. அமெரிக்காவில் இதே வகை அமைப்பு 2003 அக்டோபர் 29 அன்று 15 மணி நேரமும் மறுநாள் 11 மணி நேரமும் துல்லிய இறக்கத்துக்குப் பயன்படாமல் போனது. விபத்து எதுவும் இல்லை. முடியாது என்று அது முன்கூட்டியே சொல்லிவிட்டது. விமானங்கள் தரையிலிருந்து வழிகாட்டும் கருவிகளுக்கு மாறிக்கொண்டன. திருச்சி விமான நிலையத்தில் ஐ.எல்.எஸ். என்ற அத்தகைய கருவி இருக்கிறது. செயற்கைக்கோள் இருக்கும்போது இந்தப் பழைய தரைக் கருவிகள் எதற்கு என்று எப்போதாவது ஒரு செலவுக் குறைப்புக் கோப்பு கிளம்பும். கிளம்பினால், அதை அங்கேயே கிழித்துப்போட வேண்டும்.

ஆக, விமானிக்குச் சொல்கிறார்கள். சர்வேயருக்கும் ட்ரோன்காரருக்கும் படகோட்டிக்கும் சொல்ல ஆள் இல்லை. விமானிக்குச் சொல்பவர்கள்கூட யார்? அந்த அறிவிப்பைத் தரும் உலக மையங்கள் நான்கு: அமெரிக்கா ஒன்று, ஐரோப்பிய நாடுகளின் கூட்டு ஒன்று, ஆஸ்திரேலியா–கனடா–பிரான்ஸ்–ஜப்பான் கூட்டு ஒன்று, சீனா–ரஷ்யா கூட்டு ஒன்று. காந்த நடுக்கோட்டையே தன் மண்ணில் வைத்திருக்கும் இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

திறமை இல்லாமல் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். திருவனந்தபுரத்தில் காந்த அளவீடு 1841-இலேயே தொடங்கியது. 1859 செப்டம்பரில் உலகம் அறிந்த மிகப் பெரிய காந்தப் புயலை மும்பை கொலாபா ஆய்வகத்தின் கருவி பதிவுசெய்தது. சுமார் 1,600 நானோடெஸ்லா சரிவு. இன்றும் அந்தப் புயலை மதிப்பிட உலக விஞ்ஞானிகள் புரட்டும் ஏடு அது. கொடைக்கானலில் 1899 முதல் சூரிய ஆய்வகம். 1957-இல் அண்ணாமலை நகரில், நம் தில்லை நகரில் அல்ல, அசல் தில்லையின் பக்கத்தில், ஒரு காந்த ஆய்வகம். அதே 1950-களில் திருச்சியிலும் அகில இந்திய வானொலியின் அயனி மண்டல அளவீட்டுக் கருவி வேலை செய்தது. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியை நினைவுவைத்திருப்பவர்களுக்குக்கூட இது புதுச் செய்தியாக இருக்கும். சிற்றலை ஒலிபரப்பு அயனி மண்டலத்தில் பட்டுத்தான் திரும்பி வர வேண்டும். ஆகவே வானொலிக்காரர்கள் அந்த மண்டலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மணிக்கணக்கில் அளந்தார்கள். அகமதாபாத், கொடைக்கானல், தும்பா என்று அந்தக்கால ஆய்வுக் கட்டுரைகளில் வரும் ஊர்ப் பெயர்களில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இந்த ஊரின் செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் படித்து முடித்த மாணவர் பிற்பாடு தும்பாவில் ராக்கெட் விட்டார்; அவர் பெயரைச் சொல்லவே வேண்டாம். இன்றும் இஸ்ரோவின் ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 முதல் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியக் காற்றை அளக்கிறது; அதை அனுப்பியபோது திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டைக்காரர் நிகார் ஷாஜி. அங்கே புயல் கடப்பதைக் கண்டால், பூமிக்கு வந்து சேர ஏறத்தாழ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒரு ட்ரோனைத் தரையிறக்க, ஒரு அளவீட்டை நிறுத்த, படகுக்கு ஒரு செய்தி அனுப்ப அது தாராளமான நேரம். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் யார் யாரை அழைப்பது என்று எந்த ஊரிலும் எழுதிவைக்கவில்லை.

நாவிக் அமைப்பைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. நம் சொந்த வழிகாட்டல் செயற்கைக்கோள்கள் எல்-5, எஸ் அலைவரிசைகளில் பேசுகின்றன. எஸ் அலைவரிசையில் அயனித் தாமதம் வெகு குறைவு. இந்திய வானத்துக்குத் தோதான ஏற்பாடு. ஆனால் 2025 ஜூலையில் அரசு நாடாளுமன்றத்தில் தந்த பதிலின்படி, அதுவரை ஏவிய பதினொன்றில் இடமும் நேரமும் தரும் சேவையில் இருந்தவை நான்குதான். 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்-02 சேர வேண்டிய பாதையை எட்டவில்லை. மினுமினுப்பு நேரத்தில் வானத்தில் எத்தனை செயற்கைக்கோள் கூடுதலாக இருக்கிறதோ அத்தனை நல்லது, ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும். நான்கு என்பது ஒன்றுகூடப் போகக் கூடாத எண்ணிக்கை.

சூரியன் உச்சத்தைத் தாண்டிவிட்டது, இனி பயமில்லை என்று சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த 25-ஆவது சுழற்சியின் உச்சம் 2024-இல் வந்தது உண்மை. ஆனால் 2003-இன் புயல்கள் அந்தச் சுழற்சி உச்சம் தாண்டி வெகுநாள் ஆனபின் வந்தவை. 2025 நவம்பர் 12 அன்றும் ஜி-4 புயல் வந்தது. இறங்குமுகத்தில் எண்ணிக்கை குறையும். பலம் குறைய வேண்டும் என்று கட்டாயமில்லை.

வேறு சிலர், 2025 நவம்பரில் தில்லி விமான நிலையத்தை ஒட்டிப் பொய் ஜி.பி.எஸ். சிக்னல் வந்ததைக் காட்டி, மனிதன் செய்யும் கெடுதல்தான் முதலில் கவனிக்க வேண்டியது என்கிறார்கள். சரிதான். இரண்டுக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்று என்பதால் இது சண்டை போட வேண்டிய விஷயமே இல்லை. வானத்திலிருந்து வரும் ஒரே ஒரு மெல்லிய சிக்னலை மட்டும் நம்பாத ஏற்பாடு எதுவோ, அது சூரியனையும் சமாளிக்கும், திருடனையும் சமாளிக்கும். செல்போன் கோபுரத்தில் நல்ல கடிகாரம் ஒன்று இருந்தால், சிக்னல் சில மணி நேரம் போனாலும் 5ஜி தடுமாறாது. நிலத்தில் கல் நட்ட கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இருந்தால் சர்வேயர் ரோவர் சொல்வதைச் சோதித்துப் பார்க்கலாம். 1808-இல் நில அளவையாளர் லாம்ப்டன் தன் பெரிய தியோடலைட்டைத் தஞ்சைக் கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமான கதை உண்டு. அதைச் செப்பனிட்டு அளந்த கணக்கு, எந்தக் காந்தப் புயலுக்கும் அசையவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதில் பெரிய மர்மம் இல்லை. திருநெல்வேலி, ஆந்திரத்தின் கடங்கி, திருவனந்தபுரம் ஆய்வகங்களும் ஆதித்யாவும் சேகரிக்கும் தகவலை வைத்து, தினமும் மாலை ஐந்து மணிக்குத் தமிழில் நான்கு வரி அறிவிப்பு: இன்றிரவு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தப் பகுதியில், சிக்னல் தடுமாற வாய்ப்பு எவ்வளவு. மழைக்கும் வெயிலுக்கும் குறுஞ்செய்தி அனுப்பும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமே இதையும் அனுப்பலாம். புதிய அலுவலகம் வேண்டாம். மினுமினுப்பை அளக்கும் ரிசீவர் ஒன்று திருச்சியில் வேண்டும். துவாக்குடியில் என்.ஐ.டி. மாடியிலோ, தெப்பக்குளத்தருகே கல்லூரி மாடியிலோ வைக்கலாம். மாணவர்களுக்கும் வேலை, ஊருக்கும் உபயோகம். நில அளவைத் துறை, புயல் அறிவிப்பு உள்ள நாளில் ரோவர் அளவைத் தெரிந்த புள்ளியில் சோதித்த பிறகே புலப்படத்தில் ஏற்ற வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். அளவீட்டுக் கோப்பில் அன்றைய அறிவிப்பையும் இணைத்துவைத்தால், பத்து வருடம் கழித்து நடக்கும் வழக்கில் நீதிபதிக்கு உதவும். விசைப்படகுகளில் பொருத்தியுள்ள இஸ்ரோ தகவல் கருவிகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் வசதி இருக்கிறது. மீன்வளத் துறை கேட்டால் அதில் இந்த வரியும் சேரும்.

1977 நவம்பரில் திருச்சியை வெள்ளம் மூழ்கடித்த பிறகுதான் ஆற்றின் கரைகளைப் பற்றிய பேச்சு சூடு பிடித்தது. இம்முறை யாரும் மூழ்கவில்லை, எதுவும் உடையவில்லை. அதனால்தான் கோப்பு நகராமல் இருக்கிறது. அடுத்த குமிழிப் பருவம் செப்டம்பரில் தொடங்கும். அதற்கு முன் கூடும் நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் திருச்சி, நாகை, தஞ்சை உறுப்பினர்கள் விண்வெளித் துறையிடம் எழுத்துப்பூர்வமாக ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: காந்தப் புயல் அன்று தமிழ்நாட்டின் சர்வேயருக்கும் மீனவருக்கும் செய்தி சொல்ல வேண்டிய அலுவலர் யார், அவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்?